குழந்தையின் கால் எங்கே இருக்கிறது?

காலை எட்டரை மணிக்குக் கோவையில் ஒண்டிப்புதூரிலோ பீளமேட்டிலோ ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று பாருங்கள். பாதிக் குழந்தைகள் ஸ்கூட்டியில் வருவார்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்பக்கம் நின்றபடி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வரும் குழந்தைகளும் உண்டு. அவற்றுக்கு நடுவே, குறைந்துபோனாலும் இன்னும் மறையாமல், சைக்கிள்கள் வரும். மில் ஷிப்ட் முடித்து நேராக வரும் அப்பா, வீட்டு வேலைக்குப் போகிற வழியில் பால்வாடியில் விட்டுப்போகும் அம்மா, பேத்தியைக் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே நடந்து வரும் அப்புச்சி. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வீதிகளில் இந்தக் காட்சி இன்னும் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸில் வேறு மாதிரி சைக்கிள்கள் ஓடும். கியர் சைக்கிள், பின்னால் பெல்ட் வைத்த பிளாஸ்டிக் சீட், அதில் ஹெல்மெட் போட்ட இரண்டு வயதுக் குழந்தை. வார நாளில் வருவது மடித்த துண்டு விரித்த கேரியர். விலையில் இரண்டுக்கும் பெரிய தூரம் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் குழந்தை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது தூங்கிவிட்டதா, ஒரு பக்கமாகச் சாய்கிறதா, காலை எங்கே வைத்திருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது.

“பெரிய ரோட்டுக்கே போறதில்லீங்க, வீதிக்குள்ளயே மெதுவாத்தான் போறோம்” என்பார்கள். பஸ்ஸையும் லாரியையும் நினைத்துச் சொல்வது அது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பின்னால் உட்காரும் சின்னக் குழந்தையைக் காயப்படுத்தும் இரண்டு விஷயங்களுக்கு பஸ்ஸும் வேண்டாம், வேகமும் வேண்டாம். ஒன்று, கால் சக்கரத்துக்குள் போவது. இன்னொன்று, நிற்கிற சைக்கிள் குழந்தையோடு சாய்வது. இரண்டும் வீட்டு வாசலிலேயே நடக்கக்கூடியவை. இரண்டையும் உள்ளூர் சைக்கிள் கடையிலேயே பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதால்தான் இதை இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தையை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் பழையது. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அங்கே போய் எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு விஷயத்தைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாக இருந்தது உண்மை. அதோடு, சில பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பியும் கேட்டார்கள். காரணம், சீட்டிலிருந்து ஹேண்டிலுக்குப் போகும் அந்த பார். அதில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம். சைக்கிள் ஓட்டக் கற்ற உடனேயே அந்தப் பெண்கள் யோசித்தது குழந்தையை எங்கே வைப்பது என்றுதான். அதற்குத் தோதான பதிலைச் சைக்கிள் கம்பெனிகள் தரவில்லை. அந்த பாரை வைத்து அவர்களே சமாளித்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும்போது கிடைத்த இலவச சைக்கிள், அக்கா கல்லூரிக்குப் போனபின் அம்மாவுடையதாகிறது, கடைசித் தம்பி அதன் கேரியரில் ஏறுகிறான். மூட்டைக்கும் புத்தகப் பைக்கும் பொருத்திய கேரியர் அது. மூன்று வயதுக் குழந்தையை அதில் உட்கார வைத்தால் சாய முதுகும் இல்லை, பிடிக்கக் கைப்பிடியும் இல்லை, ஊன்ற மிதியும் இல்லை.

மிதி இல்லாததுதான் இதில் பெரிய குறை. கேரியரில் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்த மூன்று, நான்கு வயதுக் குழந்தையைப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பாதம் அந்தரத்தில் தொங்கும். குதிகால் ஏறக்குறைய சக்கரத்தின் நடு உயரத்தில் இருக்கும். சீட்டுக்குக் கீழிருந்து பின் அச்சுக்கு இறங்கும் ஃப்ரேம் கம்பிக்குக் கொஞ்சம் பின்னால், போக்ஸ் கம்பிகளை ஒட்டி. வண்டி குலுங்கும்போது விழாமல் இருக்கக் குழந்தை தன்னையறியாமல் செய்வது, இரண்டு காலையும் உள்பக்கமாக இறுக்குவது. அப்படி இறுக்கினால் பாதம் போய்த் தொடுவது சக்கரத்தைத்தான்.

பழைய 28 இஞ்சு சைக்கிளில் பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பி. மணிக்கு 12 கிலோமீட்டர், அதாவது நிதானமான மிதி. அந்த வேகத்தில் சக்கரம் ஒரு நொடிக்கு ஒன்றரைச் சுற்று சுற்றும். ஒரு நொடியில் 60 கம்பிகள் குழந்தையின் கணுக்காலைத் தாண்டிப் போகின்றன. சக்கரத்தின் மேல்பாதி எப்போதும் முன்னோக்கித்தான் நகரும். கம்பிகளுக்கு நடுவே நுழைந்த பாதத்தை அது முன்னால் இழுத்துக்கொண்டு போய் அந்த ஃப்ரேம் கம்பியோடு வைத்து நசுக்கும். சைக்கிள் சட்டென்று நிற்கும். ஓட்டுபவருக்கு முதலில் ஏதோ கல்லில் மாட்டியது போலத்தான் தோன்றும். ஒன்றும் புரியாமல் இன்னொரு மிதி அழுத்துவதும் உண்டு. சேதம் பெரிதாவது அந்த இரண்டாவது மிதியில்.

1969இல் இசாண்ட், ராத்மன், ஃபிராங்கெல் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள், சக்கரத்தில் கால் சிக்கிய 60 குழந்தைகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். சின்னக் காயம் என்று எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதைத் தலைப்பிலேயே வைத்தார்கள். மூன்று விதமான சேதம் ஒரே நேரத்தில் நடக்கிறது என்று பிரித்துக் காட்டினார்கள். கம்பி கத்தி போல வெட்டுவது ஒன்று. சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் நசுங்குவது இரண்டு. இரண்டும் சேர்ந்து தோலையும் சதையையும் உரசிப் பிய்ப்பது மூன்று. வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரியும். நசுங்கிய தோல் முதல் நாள் லேசான சிவப்பாகவோ சிராய்ப்பாகவோ மட்டும் தெரியும். அடியில் ரத்த ஓட்டம் கெட்டுப்போயிருந்தால், இரண்டு மூன்று நாளில் அதே தோல் கறுத்துச் செத்துப்போகும். “கட்டுப் போட்டு அனுப்பினாங்க, அப்புறம் பார்த்தா இப்படி ஆயிருச்சு” என்று பெற்றோர் பதறுவது இதனால்தான்.

கணுக்காலில் இன்னொரு சிக்கல். அங்கே தோலுக்கு அடியில் சதை குறைவு. தோல் போனால் உடனே எலும்பு, தசைநார். குதிகாலுக்கு அடியில் இருக்கும் கனத்த மெத்தைத் தோலுக்கு ஈடான மாற்றுத் தோல் கிடைப்பது கடினம். கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் பெரிய விபத்துகளில் எலும்பு வெளியே தெரிய முறியும் காலை மதிப்பிட ஒரு அளவுகோல் உருவாக்கினார்கள். 2006இல் வெளிவந்த அந்த அளவுகோல் தோல், எலும்பு, தசையும் நாரும் என்று மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறது. அது உருவானது சைக்கிள் காயத்துக்காக அல்ல. ஆனால் எலும்பு எக்ஸ்ரேயில் நன்றாக இருக்கிறது என்பதால் கால் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது என்ற அதன் அடிப்படை, கம்பியில் சிக்கிய குட்டிக் காலுக்கும் அப்படியே பொருந்தும்.

கால் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். காலை இழுக்கக் கூடாது. சைக்கிளை முன்னால் நகர்த்தவே கூடாது. ஒருவர் குழந்தையின் எடையைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கம்பியை வெட்ட வேண்டும். போக்ஸ் கம்பி இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான், ஒரு கட்டிங் பிளேயர் போதும். பக்கத்தில் பங்சர் கடை இருந்தால் ஓடிப்போய்க் கூப்பிடுங்கள், அவருக்கு அது அரை நிமிட வேலை. காலை எடுத்தபின் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். வெளியே ஒன்றுமே தெரியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், டி.டி. ஊசி பற்றிக் கேட்க வேண்டும். அடுத்த நாலைந்து நாள் தினமும் தோலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நிறம் மாறினால் கட்டுப் போட்ட இடத்துக்கே திரும்பிப் போகாமல், எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது.

இதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லையா? மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால்மிதி வேண்டும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பும் வேண்டும் என்கிறது. சேலை போன்ற துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. பெண்கள் ஒருபக்கமாக உட்காரும் நாடு இது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதனால் இந்த விதி அதைத் தொடுவதில்லை. குழந்தையின் கால் தொங்கும் உயரத்தில் சக்கரம் திறந்தே கிடக்கிறது.

ஜெர்மனியில் சைக்கிளில் ஏழு வயது வரை குழந்தையை ஏற்றலாம். ஆனால் ஓட்டுபவருக்குப் பதினாறு வயதாவது ஆகியிருக்க வேண்டும், குழந்தைக்குத் தனி சீட் இருக்க வேண்டும், கால் போக்ஸ் கம்பிக்குள் போகாதபடி சக்கரத்துக்கு மூடியோ அதைப் போன்ற தடுப்போ இருக்க வேண்டும். போக்குவரத்துச் சட்டத்திலேயே இது எழுதியிருக்கிறது. நெதர்லாந்தில் எட்டு வயதுக்குக் கீழே என்றால் முதுகுக்கும் கைக்கும் காலுக்கும் தாங்கல் உள்ள இருக்கை கட்டாயம். வீட்டுக்கு வீடு சைக்கிள் இருக்கும் ஊர்கள் அவை. காலைப் பற்றிச் சட்டத்தில் தனியாக எழுத வேண்டிய அளவுக்கு அங்கே குழந்தைகள் பட்டிருக்கிறார்கள்.

நமக்குச் சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. நம் ஊர் லேடீஸ் சைக்கிளிலேயே அதற்கான பொருள் இருக்கிறது. சாரி கார்டு. சேலைக்காகப் போட்ட வலை குழந்தையின் காலையும் காக்கும். பல வீடுகளில் அது வளைந்து சத்தம் போடுகிறது என்று கழற்றிச் சுவரோரம் போட்டிருப்பார்கள். அதைத் தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்டலாம். பழைய வலையில் பெரிய ஓட்டை விழுந்திருந்தால் குட்டிப் பாதம் அதற்குள் போய்விடும், அப்போது புதிதுதான் போட வேண்டும். ஜென்ட்ஸ் சைக்கிளானாலும் கடையில் கேட்டால் பொருத்திக் கொடுப்பார்கள். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

“ரெண்டு பக்கமும் போடோணும் அம்மிணி, செயின் பக்கம் கவர் இருக்குன்னு விட்டுராதீங்க. பாப்பா செருப்பை உதறிட்டு வெறுங்கால்ல உக்கோரும்” என்று அனுபவப்பட்ட கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வெறுங்கால் வேண்டாம். வார் வைத்த செருப்போ ஷூவோ போட்டு, லேஸ் தொங்காமல் உள்ளே செருகியிருக்க வேண்டும்.

ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. கால் உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று குழந்தையை ஒருபக்கமாக உட்கார வைப்பது. இரண்டு காலும் ஒரே பக்கம் தொங்கும்போது எடை முழுக்க அந்தப் பக்கம் போகிறது. ஒரு குழியில் இறங்கினால் குழந்தை பின்பக்கமாக மல்லாந்து விழும். துண்டால் அப்பாவின் இடுப்போடு சேர்த்துக் கட்டுவதும் அப்படித்தான். அப்பா விழுந்தால் குழந்தை அவருக்கு அடியில் விழும். தனி சீட்டும் தனி பெல்ட்டும் இருந்தால் சைக்கிள் சாய்ந்தாலும் சீட்டின் முதுகும் பக்கச் சுவரும் தரையில் முதலில் படும்.

அந்தத் தனி சீட்டு வாங்குவதென்றால் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். சைக்கிள் குழந்தை சீட்டுக்கு ஐரோப்பாவில் ஈ.என். 14344 என்று ஒரு தர நிர்ணயம் உண்டு. பின்சீட்டு 9 கிலோவிலிருந்து 22 கிலோ வரையுள்ள குழந்தைக்கு. காலை மறைக்கும் தடுப்பும், பாதத்தைக் கட்டும் வாரும், குழந்தை தானாகத் திறக்க முடியாத பெல்ட்டும் அதில் கட்டாயம். இரண்டாவது எண் கேரியருக்கானது. நல்ல கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சடித்திருக்கும், 10, 18, 25 என்று. 18 என்று போட்ட கேரியரில் நான்கு கிலோ சீட்டையும் பதினைந்து கிலோ குழந்தையையும் ஏற்றினால் கணக்குத் தாண்டிவிட்டது. எண்ணே இல்லாத மெல்லிய அலுமினியக் கேரியரில் குழந்தை சீட்டைப் பூட்டவே வேண்டாம். கேரியரைத் தொடாமல் ஃப்ரேமிலேயே கவ்விப் பிடிக்கும் சீட்டுகளும் உண்டு. அவற்றின் அடியில் வில் போல வளைந்த இரும்புக் கம்பி இருப்பதால் குலுக்கல் குறையும்.

சீட்டின் பக்கவாட்டில் ஒரு புள்ளி குறித்திருப்பார்கள். குழந்தை உட்கார்ந்தால் எடை எங்கே இறங்கும் என்பதைக் காட்டும் குறி அது. பின் அச்சிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு மேல் அது பின்னால் போகக் கூடாது. போனால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் ஆடும். மருதமலை அடிவாரம், குன்னூர்ப் பக்கம் மாதிரி மேட்டில் ஏறும்போது இது நன்றாகவே தெரியும். ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் அதையும் ஒரு உறை போட்டு மூடுங்கள். பின்னால் இருக்கும் குழந்தை விரலை விடும் முதல் இடம் அந்த ஸ்பிரிங்தான்.

வயது? அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி ஒரு வயதுக்குள் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம் என்கிறது. தாங்கல் இல்லாமல் நன்றாக உட்கார வேண்டும், ஹெல்மெட்டின் எடையைக் கழுத்து தாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான். இந்த விஷயத்தில் நம் அமுச்சிகள் சொல்லும் ‘கழுத்து நின்னுருச்சா’ என்ற கேள்விக்கு மேல் ஒரு படி போக வேண்டியிருக்கிறது. வீட்டுத் திண்ணையில் கழுத்து நிற்பது வேறு, வேகத்தடையில் ஏறி இறங்கும் சைக்கிளில் நிற்பது வேறு.

இனி அந்த இரண்டாவது ஆபத்து. நிற்கிற சைக்கிள்.

வீட்டு வாசல். அம்மா சைக்கிளைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்துகிறார். குழந்தையைத் தூக்கி உட்கார வைக்கிறார். டிபன் பாக்ஸ் உள்ளே மறந்துபோகிறது. “ஆடாம உக்காரு கண்ணு, இதோ வந்தர்றேன்.” சைடு ஸ்டாண்டு ஒரு காலில் நிற்கும் ஏற்பாடு. எடை கீழே இருக்கும் வரை நிற்கும். பின்னால் உயரத்தில் பதினைந்து கிலோ ஏறி, அது பூனையைப் பார்த்து ஒரு பக்கம் எட்டினால், ஸ்டாண்டு மண்ணில் புதையும், ஹேண்டில் திரும்பும், சைக்கிள் போய்விடும்.

கேரியர் சீட்டில் உட்கார்ந்த மூன்று வயதுக் குழந்தையின் தலை தரையிலிருந்து நாலடிக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர். சக்கரம் ஒரு அங்குலம்கூட உருளாமலே இந்த வேகம் வந்துவிடுகிறது. ஐரோப்பிய சைக்கிள் ஹெல்மெட் தரமான ஈ.என். 1078இல் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பின் மேல் போட்டுச் சோதிப்பது நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர். நிற்கும் சைக்கிளிலிருந்து விழும் தலையின் வேகமும் அந்தச் சோதனை வேகத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறது. பெரியவர்களின் தலை உடல் நீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். இரண்டு வயதில் அது ஐந்தில் ஒரு பங்கு. விழும்போது குழந்தைக்கு முதலில் போவது தலைதான்.

ஜப்பானியத் தாய்மார்கள் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு குழந்தைகளை ஒரே சைக்கிளில் கொண்டுபோவது உலகப் பிரசித்தம். அதற்கென்றே கட்டிய சைக்கிளில் ஆறு வயதுக்குட்பட்ட இருவரை ஏற்றலாம் என்று 2009இல்தான் அங்கே விதி தளர்ந்தது. அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஓட்டுவதைப் பற்றி மட்டும் அல்ல, நிறுத்துவதைப் பற்றியும்தான். குழந்தை மேலே இருக்கும்போது கையை எடுக்காதே. ஹெல்மெட்டைத் தரையில் நிற்கும்போதே போட்டுவிடு. இறக்கும்போது பெல்ட்டைக் கழற்றி உடனே தூக்கு. நம் ஊருக்கும் ஒரு வார்த்தை மாற்றாமல் பொருந்தும்.

இந்த இடத்தில் பழைய கனத்த சைக்கிளுக்கு ஒரு பெருமை உண்டு. பின்சக்கரத்தையே தூக்கி நிறுத்தும் அந்த டபுள் ஸ்டாண்டு இரண்டு காலில் அகலமாக ஊன்றும். புது மாடல் சைக்கிளில் சைடு ஸ்டாண்டு மட்டும் வந்தால், குழந்தை ஏறப்போகிற சைக்கிள் என்று சொல்லி டபுள் ஸ்டாண்டு போட்டு வாங்கலாம். பின்னால் சீட்டு வந்துவிட்டால் காலைப் பின்பக்கமாகச் சுழற்றி ஏறவும் முடியாது. ஆண்கள் பலர் பழக்கத்தில் சுழற்றிக் குழந்தையின் முகத்தில் உதைக்கப் போவார்கள். குறுக்கு பார் இல்லாத லேடீஸ் ஃப்ரேம்தான் இதற்குத் தோது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹெல்மெட் விஷயத்தில் ஒரு நுணுக்கம். சீட்டின் முதுகு நேராக உயர்ந்திருந்தால், ஹெல்மெட்டின் பின்பகுதி அதில் முட்டித் தலையை முன்னால் தள்ளும். குழந்தை அதனால்தான் கழற்றச் சொல்லி அழும், நாம் ஹெல்மெட் பிடிக்கவில்லை என்று நினைப்போம். சீட்டின் மேற்பகுதியில் ஹெல்மெட்டுக்குக் குழிவு இருக்கிறதா என்று குழந்தையைக் கடைக்கே கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாருங்கள். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். ஹெல்மெட்டோடு சறுக்கு மரத்தில் விளையாடும் குழந்தையின் தலை கம்பிகளுக்கு நடுவே சிக்கி, தாடை வார் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. அதற்காகவே, பலமாக இழுபட்டால் தானாகத் திறந்துகொள்ளும் கொக்கி வைத்த ஈ.என். 1080 என்ற தனித் தரம் குட்டிக் குழந்தைகளுக்கு வந்தது.

இதே தர எண்கள் இந்தியச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டன என்பது பலருக்குத் தெரியாது. 2022 பிப்ரவரி 15ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு விதித் திருத்தம் வெளியிட்டது. டூவீலரில் நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையைக் கொண்டுபோனால், குழந்தைக்கு ஒரு பாதுகாப்புக் கச்சை போட வேண்டும். குழந்தை உடுத்தும் சட்டை போன்றது, அதன் வார்கள் ஓட்டுபவரின் தோளில் மாட்டிக்கொள்ளும், 30 கிலோ வரை தாங்க வேண்டும். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டோ, ஈ.என். 1078, ஈ.என். 1080 தரத்துச் சைக்கிள் ஹெல்மெட்டோ வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அறிவிப்பு வந்து ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு மேலே என்றால் 2019 சட்டத்திருத்தத்தின்படி பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம்.

கோவை வீதியில் அந்தக் கச்சையைப் பார்ப்பது அபூர்வம். அப்பா ஹெல்மெட் போட்டிருப்பார், முன்னால் நிற்கும் குழந்தை வெறுந்தலையோடு காற்று வாங்கிக்கொண்டு வரும். அபராதத்துக்குப் பயந்து ஒரு தலையை மூடிக்கொண்டு, அதைவிட மெல்லிய இன்னொரு தலையைத் திறந்துவிடுவது மனதைப் பிசைகிறது. வண்டியிலும் நிற்கும்போதுதான் இன்னொரு ஆபத்து வருகிறது. மளிகைக் கடை முன்னால் இன்ஜினை அணைக்காமல் பை வாங்க அப்பா கை நீட்டுவார், முன்னால் நிற்கும் குழந்தை ஆக்சிலேட்டரைத் திருகும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் ஓடுகிறதா அணைந்ததா என்று சத்தம்கூடக் காட்டாது. சாவியை எடுத்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும்.

சைக்கிளோ ஸ்கூட்டியோ, அம்மா ஓட்டும்போது ஷாலையும் முந்தானையையும் மறக்கக் கூடாது. காற்றில் பின்னால் பறக்கும் ஷால் குழந்தையின் முகத்தை மூடும், இல்லையென்றால் சக்கரத்தில் சுற்றும். 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் உயிரைப் பறித்தது கார்ச் சக்கரத்தில் சுற்றிய கழுத்துத் துணிதான். நம் நாட்டு மருத்துவ இதழ்களிலும் ஷால் சிக்கிக் கழுத்தில் அடிபட்ட பெண்களைப் பற்றிய கட்டுரைகள் இருக்கின்றன. பின்னால் முடிச்சுப் போட்டு, முடிச்சின் வாலை உள்ளே செருகிவிட்டால் போதும்.

22 கிலோ தாண்டிய குழந்தைக்குச் சீட்டு பத்தாது. ஏழு வயதுவாக்கில் பெரும்பாலும் அந்தக் கட்டம் வந்துவிடும். ஆனால் தனியாகச் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போகும் வயதும் இல்லை. இந்த இடைவெளியில்தான் குழந்தை மறுபடி வெறும் கேரியருக்குத் திரும்புகிறது, கால் முன்பைவிட நீளமாகித் தொங்குகிறது. இதற்கும் கடையில் வழி இருக்கிறது. பின் அச்சின் நட்டோடு சேர்த்து இரு பக்கமும் கால்மிதி பூட்டலாம், அச்சு பழையதாகவோ நீளம் குறைவாகவோ இருந்தால் கடைக்காரர் மாற்றிப் போடுவார். கேரியருக்கு மெத்தை கட்டலாம். ஓட்டுபவரின் சீட்டுக்குப் பின்னால் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்கலாம். இரும்புக் கேரியர் பங்குனி, சித்திரை வெயிலில் தொடையைச் சுட்டுவிடும் என்பதால் மெத்தை கட்டாயம் வேண்டும். சாரி கார்டை மட்டும் இந்த வயதிலும் கழற்றக் கூடாது. மிதி பூட்டிய பிறகு குழந்தையை உட்கார வைத்து, டபுள் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். செருப்பின் நுனியோ பாவாடையின் விளிம்போ கம்பியை எட்டுகிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டே கடையை விட்டுக் கிளம்புங்கள்.